பழங்குடிகளின் மழைக்காட்டில் ‘அளவோடு வேட்டை’: உண்மையிலேயே நடக்கிறதா?

யாழினி

வணக்கம். மூன்று வாரமாக மனதைக் குடைந்துகொண்டிருப்பதை இங்கே கேட்டுவிடுகிறேன்.

அமேசான் காடுகளுக்காக வேலை செய்யும் ஓர் அமைப்புக்கு ஐந்து வருடமாக மாதாமாதம் சிறு தொகை அனுப்பி வந்தேன். போன மாதம் அவர்கள் அனுப்பிய செய்தி மடலில் ஒரு படம். அடுப்புக்கு மேலே பச்சைக் குச்சிகளை அடுக்கிய பரண். அதன்மேல் ஒரு பெரிய குரங்கு, ரோமம் பொசுங்கி, கையை மடக்கி, தூங்குகிற குழந்தை மாதிரி கிடந்தது. பக்கத்தில் ஒரு சிறுமி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே ‘வளம் குன்றாத வேட்டை’ என்று எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அந்த மாதம் பணமும் அனுப்பவில்லை.

அனுப்பாமல் விட்டதும் உறுத்துகிறது. அந்தச் சிறுமி எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் குரங்குக்காகவும்தானே அனுப்பினேன்?

காட்டு விலங்குகள் குறைந்துகொண்டே வருகின்றன என்கிறார்கள். அப்படியிருக்க, பழங்குடிகளின் நிலத்தில் வேட்டையும் நடக்க வேண்டும், விலங்கும் இருக்க வேண்டும் என்பது முடிகிற காரியமா? எங்காவது முடிந்திருக்கிறதா? நேரில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கடுமையாகச் சொன்னாலும் பரவாயில்லை.

மைதிலி

யாழினி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது கம்பளிக் குரங்காக இருக்கலாம். பெரு நாட்டின் லொரேட்டோ பகுதியில் அதைச் ‘சோரோ’ என்பார்கள். அந்தப் பகுதியில், ஒரு கிளையாற்றங்கரைச் சிற்றூரில் பதினான்கு மாதம் இருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சிறிய ஊர், சொன்னால் ஆட்களை அடையாளம் கண்டுவிடலாம்.

என் வேலை மண்டையோடு எண்ணுவது. வேட்டைக்குப் போகிற ஒவ்வொருவரும் கொன்ற விலங்கின் தலையை எறியாமல் எங்களிடம் தர வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது. தலையை வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு, எலும்பை எறும்புப் புற்றின் ஓரமாக வைத்துவிடுவார்கள். நாலைந்து நாளில் எறும்பு சுத்தமாக்கிவிடும். காகிதச் சீட்டு அந்த ஈரத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் பிளாஸ்டிக் புட்டியை நறுக்கி, அந்தத் துண்டில் ஆணியால் எண்ணைக் கீறி, கண் குழி வழியாகக் கட்டுவோம். எண்ணுக்கு நேராக நோட்டில் எந்த விலங்கு, ஆணா பெண்ணா, எந்த ஓடைப் பக்கம், ஊரிலிருந்து எத்தனை மணி நேர நடை என்று எழுதுவோம். என்னோடு எழுதியவர் ஐம்பது வயதுக்கு மேலான ஒரு வேட்டைக்காரர். நான் தாத்தா என்றே கூப்பிடுவேன். தாடையைத் திருப்பி, கடைவாய்ப்பல்லின் மேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பெருவிரலால் தடவிப் பார்த்தே இது கிழடு, இது இரண்டு வயசு என்பார். முதல் மாதம் நான் கண்ணாடி வைத்துப் பார்த்துச் சரிபார்த்தேன். அப்புறம் சரிபார்ப்பதை விட்டுவிட்டேன்.

பெண் விலங்காக இருந்தால், கறி அறுக்கும் பெண்கள் கருப்பையை எடுத்து ஃபார்மலின் டப்பாவில் போட்டுத் தருவார்கள். எத்தனை சினை, ஒவ்வொன்றிலும் எத்தனை கரு என்று அதில் தெரியும். லொரேட்டோவில் ரிச்சர்ட் போட்மர், பெட்ரோ மயோர் போன்ற ஆய்வாளர்கள் வேட்டைக்காரர்களோடு சேர்ந்து பல வருடமாக இப்படிச் சேர்த்திருக்கிறார்கள். புதிதாக ஓர் உயிரையும் கொல்ல வேண்டாம். எப்படியும் சட்டிக்குப் போகிற விலங்கிடமிருந்தே கணக்கு கிடைத்துவிடுகிறது.

இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்டால், ‘வேட்டை’ என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, ஒவ்வொரு விலங்கும் ஒவ்வொரு வேகத்தில் பெருகுகிறது. அங்கே அதிகம் விழுவது பெக்கரி. பார்க்கக் காட்டுப்பன்றி மாதிரி இருக்கும், ஆனால் வேறு குடும்பம். ஐந்து மாதச் சினை, பெரும்பாலும் இரட்டைக் குட்டி. அடுத்தது பாக்கா, இரவில் ஆற்றோரம் மேயும் பெரிய கொறிவிலங்கு. இவையெல்லாம் ஓரளவு வேட்டையைத் தாங்கும். டேப்பிர் அப்படியில்லை. இருநூறு கிலோவுக்கும் மேல் வளரக்கூடிய அந்த விலங்கு பதின்மூன்று மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். சோரோ இன்னும் மெதுவு. ஏழெட்டு வயதுக்கு முன் குட்டி போடாது, போட்டாலும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய மூன்று வருட இடைவெளி. ஜான் ராபின்சன், கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் ஒரு கணக்கு சொன்னார்கள். ஒரு வருடத்தில் புதிதாகக் கூடுகிற எண்ணிக்கையில், மிகக் குறுகிய ஆயுள் கொண்ட விலங்கென்றால் 60 சதவீதம் வரை எடுக்கலாம், நடுத்தரம் என்றால் 40, நீண்ட ஆயுள் உள்ளவை என்றால் 20. இருக்கிற மொத்தத்தில் இல்லை, கூடுகிறதில் மட்டும். அதுவும் உச்ச வரம்புதான், அதற்குள் எடுத்தால் ஆபத்தில்லை என்கிற உத்தரவாதம் இல்லை. இருபது பெண் குரங்குகள் உள்ள கூட்டத்தில் வருடத்துக்கு ஆறேழு குட்டி பிறந்தால், ஒன்றை எடுக்கலாம். ஒரே நாளில் ஒரு துப்பாக்கி மூன்றைச் சுட்டுவிடும்.

அதனால் உங்கள் படத்துக்கு நேராகவே பதில் சொல்கிறேன். அந்தக் குரங்கை ‘வளம் குன்றாத வேட்டை’ என்ற வரியின் கீழே போட்டது தவறு. ஊருக்கு வெகு தொலைவில், எப்போதாவது ஒன்று என்றால் தாங்கும். வழக்கமாக, பல வீட்டுக்கு என்றால் தாங்காது. இதை எனக்கு முன்பே ஊர்க்காரர்கள் அறிந்திருந்தார்கள். தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது வீட்டு வாசலிலிருந்தே சோரோவின் குரல் கேட்குமாம். நான் போனபோது ஆறு மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. தாயைச் சுட்டால் முதுகில் தொற்றியிருக்கும் குட்டியும் சேர்ந்து விழும். அடிபடாமல் பிழைத்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பார்கள். நான் தங்கியிருந்த வீட்டுப் பெண் குழந்தையின் தலைமுடியை அப்படியொரு குட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கத் தொங்கும். அவள் அதோடுதான் குளிப்பாள், அதோடுதான் தூங்குவாள். அதே வீட்டுச் சட்டியில் அதன் தாய். இதை நான் நியாயப்படுத்தவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

முடிந்திருக்கிறதா என்று கேட்டீர்கள். முடிந்திருக்கிறது. இக்கிட்டோஸ் நகருக்குத் தெற்கே தம்ஷியாக்கு-தவாயோ என்ற காடு. 1991இல் சமூகக் காப்பகமானது, 2007இல் 4,20,000 ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ள பிராந்தியக் காப்புப் பகுதி ஆனது. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் கலப்பின ஆற்றங்கரை மக்கள், தனிப் பழங்குடி என்று சொல்ல முடியாது. ஆனால் வழிமுறை அங்கேதான் தெளிவாக நடந்தது. நடுக்காட்டில் யாரும் சுடக்கூடாது, அதைச் சுற்றி வீட்டுத் தேவைக்கு மட்டும் வேட்டை, ஆற்றோரம் குடியிருப்பு. நடுக்காட்டில் பெருகுவது வெளியே வந்துகொண்டே இருக்கும். வெளியே எடுப்பது அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். வடக்கே மைஹூனா என்ற பழங்குடி மக்கள் மொத்தமே ஐந்நூறு பேர் அளவில்தான், நான்கு ஊர்கள். மர வெட்டிகளைத் தாங்களே வெளியேற்றினார்கள். பிறகு கிச்சுவா என்ற இன்னொரு பழங்குடி மக்களோடு சேர்த்து 2015இல் 3,91,000 ஹெக்டேர் அவர்களுடைய காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

இரண்டு இடத்திலும் முதலில் நடந்தது வெளியாளை நிறுத்தியது. ஐஸ் பெட்டியோடு வரும் வியாபாரியும், உப்பு மூட்டையோடு முகாம் போடும் மரவெட்டியும் வந்துகொண்டே இருந்தால் ‘இந்த வருடம் டேப்பிர் வேண்டாம்’ என்று ஊர் முடிவெடுப்பதில் என்ன பயன்? நாம் விட்டுவைப்பதை அவன் சுடுவான் என்றால் யாருமே விட்டுவைக்க மாட்டார்கள்.

சரவணன்

மைதிலி எழுதியதைப் படித்தேன், மதிக்கிறேன். ஆனால் எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

மழைக்காடு பார்க்கத்தான் செழிப்பு. சத்து எல்லாம் மரத்தின் உச்சியில் இருக்கிறது, தரையில் நடக்கும் பெரிய விலங்குகள் புல்வெளியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. முழுக்க முழுக்கக் காட்டு இறைச்சியை நம்பி வாழ்வதென்றால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள் என்பதைத் தாண்ட முடியாது என்று ராபின்சனும் எலிசபெத் பென்னட்டும் 2000இல் கணக்கிட்டிருக்கிறார்கள். பழங்குடி ஊர்களில் பிள்ளைகள் பிறக்கின்றன, பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் வந்ததும் ஒரே இடத்தில் நிலைத்துவிடுகிறார்கள். கையில் வில்லுக்குப் பதில் துப்பாக்கி, துடுப்புக்குப் பதில் மோட்டார். பழைய கட்டுப்பாடு பழைய கருவிக்குத்தானே சரி? ரெட்ஃபோர்ட் 1992இல் சொன்ன ‘வெறுங்காடு’ இதுதான். மேலிருந்து பார்த்தால் மரம் பச்சையாக நிற்கும், உள்ளே நடந்தால் ஒரு காலடித்தடம் இருக்காது. பெரிய விதைகளை விழுங்கிப் பரப்புவதே அந்தக் குரங்கும் டேப்பிரும்தான். அவை போனால் அந்த மரங்களும் பின்னாலேயே போகும்.

கோழி வளர்க்கலாமே? ஏன் யாரும் அதைப் பேசுவதில்லை?

அந்தோணி

நான் ஆய்வாளன் இல்லை. காங்கோ குடியரசின் வடக்கே ஒரு மரக் கம்பெனியின் பட்டறையில் ஆறு வருடம் மெக்கானிக்காக இருந்தேன். அமேசானைப் பற்றி எனக்குத் தெரியாது. காங்கோவில் பார்த்ததைச் சொல்கிறேன்.

மரம் இழுக்கும் வண்டியின் எஃகுக் கம்பிவடம் தேய்ந்தால் கழற்றிப் போடுவோம். இரவோடு இரவாக அது காணாமல் போகும். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் காட்டில் பார்த்தேன். வடத்தைப் பிரித்தால் மெல்லிய இழைகள் வரும், ஒவ்வோர் இழையும் ஒரு சுருக்குக் கண்ணி. வளைத்த இளமரம் ஒன்றில் கட்டி, இலையால் மூடி, நூறு கண்ணி ஒரே பாதையில் வைப்பார்கள். தினமும் போய்ப் பார்க்க முடியாது. டுய்க்கர் என்ற சின்ன மான் மாட்டிக்கொண்டு அங்கேயே அழுகிக் கிடக்கும். ஒருமுறை கால் ஒன்று மட்டும் கண்ணியில் இருந்தது. கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது, விலங்கைக் காணோம். கண்ணிக்கு மானென்றும் சிம்பன்சி என்றும் தெரியாது, எது மிதித்தாலும் பிடிக்கும்.

இதை வைத்தவர்கள் அந்தக் காட்டு மக்கள் இல்லை. அங்கே எம்பெஞ்செலே, அக்கா என்ற பெயர்களில் காடே வீடாக வாழ்ந்த பழங்குடிகள் இருக்கிறார்கள். வலை கட்டி, பெண்களும் பிள்ளைகளும் சத்தம் போட்டு விரட்டி, டுய்க்கரைப் பிடிப்பார்கள். எம்பெஞ்செலேக்களிடம் ‘எகிலா’ என்று ஒன்று உண்டு. கறியை வீணாக்கினாலோ, பங்கு பிரிப்பதில் வஞ்சனை செய்தாலோ வேட்டைக் கை விழுந்துவிடும், அப்புறம் எதுவும் சிக்காது என்று நம்புவார்கள். என்னோடு வேலை செய்த எம்பெஞ்செலே இளைஞன் ஒருவன், சிந்திய கறித்துண்டைக்கூட நாய்க்குப் போட விடமாட்டான்.

பிறகு சாலை வந்தது. சாலையோடு எங்கள் முகாம் வந்தது. சில ஆயிரம் பேருக்கு தினமும் இறைச்சி வேண்டும். நகரத்துப் பெரிய மனிதர் ஒருவர் துப்பாக்கியும் தோட்டாவும் கொடுப்பார், அக்கா இனத்து ஆள் காட்டுக்குப் போய்ச் சுட்டுக்கொண்டு வருவான், தலையும் குடலும் கொஞ்சம் சிகரெட்டும் அவனுக்கு. மீதி எங்கள் லாரியில், மரத்தடிகளுக்கு அடியில் சாக்குக்குள் போகும். ஓட்டுநர்களுக்கு அதற்குத் தனிக் காசு. நான் பழுது பார்த்த வண்டியின் அடியிலிருந்தே இரத்தம் சொட்டிப் பார்த்திருக்கிறேன். மேலாளரிடம் சொன்னேன். ‘உன் வேலையைப் பார்’ என்றார். வனக்காவலர்கள் வந்து பிடித்தால் உள்ளே போவது அந்த அக்கா இனத்து ஆள். துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் ஒரு நாளும் போனதில்லை. இதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

மாற்று இல்லாமலும் இல்லை. நுவாபலே-என்டோகி தேசியப் பூங்காவை ஒட்டி, மரம் வெட்ட உரிமம் கொடுத்த காட்டில் 1999 முதல் வேறு மாதிரி செய்தார்கள். கம்பெனி வண்டியில் காட்டுக்கறி ஏற்றத் தடை, கண்ணிக்குத் தடை, தொழிலாளர்களுக்கு வெளியிலிருந்து இறைச்சி, உள்ளூர் மக்களுக்கென்று தனி வேட்டைப் பகுதி. எங்கள் முகாமிலும் செய்திருக்கலாம். வண்டியைச் சோதிக்க வாசலில் ஓர் ஆள் போட்டால் பாதி முடிந்திருக்கும்.

மைதிலி

அந்தோணி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஈக்வடாரிலும் இதேதான் நடந்தது. யசுனி பூங்காவுக்குள் 1990களின் தொடக்கத்தில் எண்ணெய்க்காக ஒரு சாலை போட்டார்கள். அதுவரை வீட்டுக்கு வேட்டையாடிய வாவ்ரானி மக்களுக்கு இலவசமாக வண்டியில் இடம் கொடுத்தார்கள். பொம்பெயா என்ற ஆற்றங்கரைச் சந்தை வளர்ந்தது. 2005 முதல் 2007 வரை அந்தச் சந்தையை ஆராய்ந்தவர்கள், அங்கே விற்ற காட்டுக்கறியில் பாதி 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தேனா நகரத்து உணவகங்களுக்குப் போனதைக் கண்டார்கள். விலை, வளர்ப்புக் கறியை விட 1.3 முதல் 2 மடங்கு. ஏழை வாங்கும் கறி இல்லை அது, விரும்பி ருசிக்கு வாங்குவது. அந்தச் சந்தைக்கு எதிராக நின்றது வாவ்ரானிப் பெண்களின் சங்கம்தான். கறி விற்பதை விடுங்கள், கோகோ போடுகிறோம் என்று சாக்லேட் செய்ய ஆரம்பித்தார்கள்.

சரவணன், சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள் என்ற கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் மைஹூனா நிலத்தையே பாருங்கள். கிட்டத்தட்ட 3,900 சதுர கிலோமீட்டர், அவர்கள் ஐந்நூறு பேர். கிச்சுவா மக்களைச் சேர்த்தாலும் இடம் இருக்கிறது. அந்த வரம்பு எப்போது மீறும் என்றால் நிலத்தைச் சுருக்கும்போது, அல்லது சாலை போட்டு வெளியாட்களை உள்ளே விடும்போது. பெல்யாவிஸ்தாவிலிருந்து எல் எஸ்ட்ரெச்சோ வரை அவர்கள் நிலத்தின் வழியே திட்டமிட்டிருக்கும் சாலையை மைஹூனா மக்கள் எதிர்ப்பது அதனால்தான்.

துப்பாக்கி பற்றிச் சொன்னது முழுக்க சரி. பெருவின் மனு தேசியப் பூங்கா 1973இல் அமைந்தது. உள்ளே வாழும் மட்சிகெங்கா மக்கள் வேட்டையாடலாம், ஆனால் வில்லும் அம்பும் மட்டும். அவர்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வில் சிலந்திக் குரங்குகள் ஊரைச் சுற்றி ஒரு வட்டத்தில்தான் குறைந்திருந்தன, அதற்கு வெளியே இருந்தன. வேட்டைக்காரன் ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஓர் எல்லை உண்டல்லவா, வட்டம் அங்கே நிற்கிறது. துப்பாக்கி வந்தால் வட்டம் பெரிதாகும். புது ஊர்கள் தள்ளித் தள்ளி முளைத்தால் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும். அதாவது ஊர் எங்கே அமைகிறது என்பதே பெரிய விஷயம். இதை யாரும் செய்தி மடலில் படமாகப் போட முடியாது.

கோழியும் வளர்க்கிறார்கள். நான் இருந்த ஊரில் ஒரு மழைக்காலத்தில் வெள்ளைக்கழிச்சல் வந்து பத்து நாளில் ஒரு கோழி மிஞ்சவில்லை. தடுப்பூசி குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும், படகில் இரண்டு நாள். மாடு என்றால் மேய்ச்சலுக்குக் காட்டை வெட்ட வேண்டும், குரங்குக்கு அதுவே முடிவு. உண்மையில் அவர்கள் அதிகம் சாப்பிடுவது மீன். மீன் கெட்டால்தான் துப்பாக்கி அதிகம் வெளியே வரும். ஆற்றில் தங்கச் சுரங்கப் பாதரசம் கலந்தால் அதன் விளைவு குரங்கு வரை போகும்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். பிரேசிலின் மேற்கு அமேசானில் 1904 முதல் 1969 வரை தோலுக்காகக் கொன்றவை குறைந்தது 2 கோடியே 30 லட்சம் விலங்குகள் என்று 2016இல் கணக்கிட்டார்கள். நகரத்து மேலங்கிக்கும் கைப்பைக்கும். நீர்நாயும் கடற்பசுவும் அதில்தான் நொறுங்கின. இன்றும் பெக்கரித் தோல் கையுறை ஐரோப்பாவில் விலை போகிறது. அந்தத் தோலில் மயிர்க்கால் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும், பார்த்தாலே தெரியும். சாப்பிட்ட பெக்கரியின் தோலை மட்டும் விற்கப் பெருவில் சட்டப்படி வழி உண்டு. எவ்வளவு எடுக்கிறோம் என்று கணக்கு வைக்கும் ஊருக்குச் சான்றிதழ், அதற்குக் கூடுதல் விலை என்று ஒரு யோசனையும் உண்டு. நல்ல யோசனை. என் ஊரில் ஒரு தோலுக்குக் கிடைத்தது இரண்டு தோட்டாவின் விலைகூட இல்லை.

எண்ணினால் மீளுமா என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு மீன். பிரேசிலில் பிரருக்கு என்பார்கள், இரண்டு மீட்டருக்கு மேல் வளரும். அதற்குக் காற்று வேண்டும், மேலே வந்து மூச்சு விட்டே ஆக வேண்டும். மமிராவா காப்பகத்து மீனவர்கள் ஏரியில் படகை நிறுத்தி, இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, மேலே வரும் மீனைச் சத்தத்தை வைத்தும் நீர் கலங்குவதை வைத்தும் பெரியது இத்தனை, சிறியது இத்தனை என்று எண்ணுவார்கள். 1999இல் தொடங்கினார்கள். எண்ணியதில் பெரிய மீன்களில் 30 சதவீதத்துக்கு மேல் பிடிக்க அனுமதி இல்லை, ஒன்றரை மீட்டருக்குக் குறைந்ததைத் தொடக்கூடாது. மீன் பல மடங்கு பெருகியது. இன்று தப்பாவா ஆற்றில் பவுமரி பழங்குடிகளும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். திருட்டு மீன்பிடியைத் தடுக்க ஏரி வாயில் மாறி மாறிக் காவல் இருக்கிறார்கள்.

எண்ணும்போது அவசரப்படவும் கூடாது. வெள்ளை உதட்டுப் பெக்கரி நூறு, இருநூறாகக் கூட்டமாய் வரும், திடீரென்று ஒரு பகுதி முழுக்கவே காணாமல் போகும். வேட்டைதான் காரணம் என்று நினைப்போம். ஆனால் பெரும் பரப்பில் 20, 30 வருடத்துக்கு ஒருமுறை அது ஏறி இறங்குவது இப்போது தெரிந்திருக்கிறது. இறங்கினால் 7 முதல் 12 வருடம் வரை கண்ணிலேயே படாது. மூன்று வருடத் திட்டம் போட்டு வந்து போகிற என்னைப் போன்றவர்களுக்கு இது புரியாது. தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. ‘என் அப்பா காலத்திலும் போயின, வந்தன’ என்றார்.

யாழினி

எல்லோருக்கும் நன்றி. அந்தோணி ஐயா, அந்த ஒற்றைக் கால் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மைதிலி, இரண்டு கேள்வி மட்டும். பணம் அனுப்புவதைத் திரும்பத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்? அப்புறம், உங்கள் ஊரில் அந்தக் குரங்கு என்ன ஆனது?

மைதிலி

ஆற்று முகத்துவாரத்தில் காவல் சாவடி இருக்கிறதா, அதில் இந்த மாதம் படகுக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் ஊர்ச் சாவடி மூன்று மாதம் பெட்ரோல் இல்லாமல் பூட்டிக்கிடந்தபோது ஐஸ் பெட்டிப் படகுகள் பகலிலேயே ஏறிப் போயின. படம் எடுத்து நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம், பதிலே வரவில்லை. அப்புறம், நோட்டு யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். ஊரிடம் என்றால் அனுப்புங்கள். அமைப்பின் கணினியில் மட்டும் என்றால் யோசியுங்கள்.

குரங்கு. நான் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் மண்டையோட்டு மூட்டைகளை ஊர்க்கூட்டத்தில் கொட்டி இனவாரியாகப் பிரித்து வைத்தோம். சோரோ வரிசையில் பதினொன்று, அதில் எட்டு பெண். யாரும் பேசவில்லை. ஒரு வயதான அம்மா மட்டும், பழக்காலத்தில் கொழுத்த சோரோவைச் சாப்பிடாமல் என்ன வாழ்வு என்று சண்டை போட்டார். நியாயமான கோபம்தான், அவருடைய வாழ்நாள் ருசி அது. கடைசியில் ஐந்து வருடம் சுடுவதில்லை என்று முடிவானது. அந்த அம்மாவும் கை தூக்கினார், எல்லோருக்கும் கடைசியாக.

இது நாலாவது வருடம். போன மாதம் தாத்தா குரல் செய்தி அனுப்பியிருந்தார். இரண்டு மணி நேர நடையில் இருக்கும் ஓடைப்பக்கம் சோரோக் கூட்டத்தின் சத்தம் கேட்டதாம். ஏறிப் பார்த்தால் மூன்று தாய்களின் முதுகில் குட்டி. நோட்டில் எழுதலாமென்று எடுத்தால், கொன்றதை எழுதத்தான் கட்டம் இருக்கிறது, பார்த்ததை எங்கே எழுதுவது என்று கேட்டார். புதிதாக ஒரு கட்டம் போடச் சொன்னேன்.